தெர்மாமீட்டரா, ஆக்சிமீட்டரா, நொடிமுள்ளா?

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே வாரத்தில் சளிக்காய்ச்சல். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தங்கையின் ஏழு மாதக் குழந்தைக்கு 103 டிகிரி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 71 வயது அப்பாவுக்கு 99. எல்லோரும் குழந்தைக்காகப் பதறினோம். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்தது அப்பாவைத்தான்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை: வைரஸ் தொற்று நெஞ்சுக்கு இறங்குகிறதா என்பதை வீட்டில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தெர்மாமீட்டரா, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரா, மூச்சை எண்ண உதவும் நொடிமுள்ளா?

தெர்மாமீட்டரைத்தான் நாம் அதிகம் நம்புகிறோம். இம்மூன்றில் குறைவாக நம்ப வேண்டியதும் அதுதான். முதியவர்களுக்கு நுரையீரல் முழுக்கச் சளி கட்டியிருந்தாலும் உடம்பு கொதிக்காமல் இருக்கலாம். கைக்குழந்தைகளைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸ் லேசான காய்ச்சலோடு வந்து சிறு மூச்சுக்குழல்களை அடைத்துவிடும். ஆனால் இரண்டு இடங்களில் தெர்மாமீட்டருக்கு ஈடு கிடையாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 வந்தாலே அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றொன்று, தணிந்த காய்ச்சல் திரும்புவது. 2023 மார்ச்சில் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடவைத்த எச்3என்2 போன்ற ஃப்ளூ காய்ச்சல் விட்டு, ஓரிரு நாள் தெம்பாக இருந்தவருக்கு மறுபடி குளிரும் சளியும் வந்தால், பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கலாம்.

ஆக்சிமீட்டர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களில் கண்ட வழியில் இயங்குகிறது. கோவிட் காலத்தில் அதன் அருமை தெரிந்தது. மூச்சுத்திணறலே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியிருந்ததை அதுதான் காட்டியது. இந்தியாவின் கோவிட் வழிகாட்டுதல் அந்த அளவு 90 முதல் 93 சதவீதம் வரை இருந்தால் நோய் நடுத்தரம், 90க்குக் கீழே போனால் தீவிரம் என்று வகுத்தது. இந்த எண் ஏன் முக்கியம்? 2020இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை. ஸ்டீராய்டைக் கடையில் கேட்டு வாங்கி முதல் நாளே விழுங்கியவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆக்சிமீட்டருக்கும் குறை உண்டு. நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் அளவைப் பிசகச் செய்யும். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்தது வெள்ளையரில் சுமார் 4 சதவீதம், கறுப்பினத்தவரில் சுமார் 12 சதவீதம். நம் நிறத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்றே நினைக்கிறேன். பெரியவர்களின் விரலுக்குச் செய்த கருவி கைக்குழந்தைக்குச் சரிவராது.

மூன்றாவதுக்குக் காசே வேண்டாம்: நொடிமுள் உள்ள கடிகாரம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டால் வேகமூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ணிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது. பெரியவர்களிடம் எண்ணப்போவதாகச் சொன்னால் மூச்சை மாற்றிவிடுவார்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுவதே வழி.

மருத்துவர்கள் நிமோனியாவின் தீவிரத்தை அளக்கும் கர்ப்-65 என்ற மதிப்பெண் 2003இல் வந்தது. குழப்பம், ரத்த யூரியா, நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, இறங்கிய ரத்த அழுத்தம், 65 அல்லது அதற்கு மேல் வயது: ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூடக்கூட ஆபத்து. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், யூரியா தவிர மற்றவை வீட்டிலேயே தெரிபவை. அன்று காலை அப்பா பால் வந்ததா என்று மூன்று முறை கேட்டார். என்னை இறந்துபோன அத்தையின் பெயரால் கூப்பிட்டார். வயது என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். ஆக்சிமீட்டர் 93 காட்டியது. பரவாயில்லை என்று எண்ணினேன். மாலையில் எண்ணியபோது மூச்சு 32. வயது, குழப்பம், மூச்சு என மூன்று மதிப்பெண் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

தெர்மாமீட்டர், ஆக்சிமீட்டர், நொடிமுள் மூன்றும் சேர்ந்தாலும் காட்டாத ஒன்று இதயம். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்கு என்று கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு 2018இல் சொன்னது. ஆகவே நெஞ்சுவலியை இருமல் வலி என்று தள்ளிவிட நான் யாரையும் விடுவதில்லை.

குழந்தையைப் பார்த்த மருத்துவர், 103 டிகிரி என்று தங்கை சொல்லிமுடிப்பதற்குள் அதன் சட்டையைத் தூக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாராம். எண்ணிக்கை 42. பால் குடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தார்.