ஸ்விஃப்ட்: பெட்ரோலா, சிஎன்ஜியா?

2024இல் வந்த புது மாருதி ஸ்விஃப்ட் காரில் பெட்ரோல், சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) ரெண்டுக்கும் ஒரே 1.2 லிட்டர், மூணு சிலிண்டர் இன்ஜின்தான். பெட்ரோல் மேனுவலுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 24.80 கி.மீ. சிஎன்ஜிக்கு கிலோவுக்கு 32.85. (பெட்ரோலில் ஏஎம்டி, அதாவது கிளட்ச் இல்லாமல் தானாக கியர் மாறும் வகை, 25.75. கிளட்ச் மிதிச்சுக் கால் ஓய்ந்தவர்களுக்கு அது.)

இங்கேதான் பலர் ஏமாறுவது: லிட்டர் வேறு, கிலோ வேறு. ஒரு கிலோ சிஎன்ஜியில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றல் இருக்கிறது. ஆக 32.85 என்பது இன்ஜினின் சாமர்த்தியம் இல்லை. ரூபாய்க் கணக்குதான் நியாயம். 1,000 கி.மீ. ஓட சுமார் 40 லிட்டர் பெட்ரோல், இல்லை 30 கிலோ சிஎன்ஜி. அன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். இதெல்லாம் சோதனைக்கூட எண்கள். மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் ரெண்டு மைலேஜுமே இறங்கும்.

சிஎன்ஜியில் இழுவை குறைவு. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது கியர் இறக்கிக்கொண்டே போகணும். டிக்கியையும் கேஸ் சிலிண்டர் விழுங்கிவிடும். அழகர்கோவிலில் கிடா வெட்டுக்கு அண்டாவோடு போகிறவர்கள் யோசிக்கணும்.

தினமும் திருமங்கலம், மேலூர் என்று ஓடுபவருக்கு சிஎன்ஜி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுப்பவர் சிஎன்ஜி வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.