ஹட்டனில் ஒரு பழைய கம்ப்யூட்டருக்காக அலைந்த நாட்கள்

2025 ஜூலையில் இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும்போதே மழை. நோர்வூட் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, காசல்ரீ பக்கம் ஒரே பனிமூட்டம். வீட்டுக்குப் போய், ஈரத்துணி மாற்றி, அம்மா கொடுத்த பிளேன்டியைக் குடிக்கும்போது அப்பா சொன்ன முதல் விஷயம் இதுதான்: "கம்ப்யூட்டர் கறுத்துப் போச்சும்மா."

திரையின் பின்னணி முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் இது அசல் விண்டோஸ் இல்லை என்று ஓர் அறிவிப்பு. திகதியைப் பார்த்தால் 2010 ஜனவரி. ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் அங்கேயே திரும்பிப் போகிறது. ஒரு கடிதத்தைத் திறக்க ஐந்து நிமிடம்.

நான் கனடா போவதற்கு முன், 2010 இல் கொழும்பில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிக் கொடுத்த எச்பி பெவிலியன் அது. ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி டிஸ்க். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் கம்பனியிலேயே போட்டு வந்தது. பெட்டியின் பக்கவாட்டில் விண்டோஸ் அசல் என்று காட்டும் 25 எழுத்துச் சாவியுள்ள ஸ்டிக்கர் இன்னமும் ஒட்டியிருக்கிறது.

புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று பலரும் கேட்டார்கள். வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்கிற வேலை, லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும், ஆட்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுப்பது. இதை மலையகத்துக்கு வெளியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறி, தோட்டத்துப் பதிவில் அதுவும் இல்லாமல் இன்னொரு மாதிரி. முப்பது நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த மனுஷி ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசை எடுக்கப் போனால், இந்த மூன்று பெயரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு கடிதம், கிராம சேவகருக்கு ஒன்று, தோட்ட ஆபீசுக்கு ஒன்று. இதையெல்லாம் காசு வாங்காமல் அப்பா அடித்துக் கொடுக்கிறார். யாருக்கு எப்போது என்ன எழுதினோம் என்ற கணக்கும் அந்த மெஷினில்தான் இருக்கிறது. ஸ்டார்ட் பொத்தான் எங்கே, வேர்ட் எங்கே, பிரிண்ட் எங்கே என்று அவருடைய கைக்குத் தெரியும். அந்தக் கைப்பழக்கத்தை இந்த வயதில் மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும், அதுதான் என் ஆசை.

சில வருஷத்துக்கு முன் வைரஸ் வந்தது என்று பக்கத்து வீட்டுத் தம்பி மூலம் டவுனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடையில் போர்மட் பண்ணி, அசல் விண்டோஸை எடுத்துவிட்டு, உரிமம் இல்லாத ஒரு கிராக் கொப்பியைப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவரை அப்பா அடித்த கடிதங்களில் பாதி அன்றோடு போனது. எடுத்து வைக்கட்டுமா என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, அடுத்த நாளே ஒரு த்ரீவீலில் சிபியூவை வைத்து, ரெயின்கோட்டால் போர்த்தி, ஹட்டனுக்குக் கொண்டு போனேன். முதல் கடையில் நான் சொல்லி முடிக்கவே விடவில்லை. "அக்கா, செவன் எல்லாம் இப்ப யாரும் போடுறதில்ல. பத்து அடிச்சுத் தாறேன், எல்லா சொஃப்ட்வெயாரும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு." விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அவர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் போடப் போகிற விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 தான் கடைசி நாள். அதுவும் கிராக் கொப்பி. 11 போடலாம் என்றால் இந்த வயது மெஷினில் அதற்கான தகுதியே கிடையாது. பழைய சுழலும் டிஸ்க்கில் 10 ஓடினால் டிஸ்க் முழு நேரமும் திணறிக்கொண்டே இருக்கும். இதை நான் எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது கடையில் மரியாதையாகப் பேசினார்கள், செய்து தருகிறோம் என்றார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்கள். நாலாவது நாள் போனால் கட்டைக்கூடப் பிரிக்கவில்லை. என் லீவில் மூன்று நாள் அப்படிப் போனது.

கடைசியில் நல்ல ஆள் கிடைத்தது நோர்வூட்டிலேயே, வீட்டுக்குப் பக்கத்தில். போன் ரிப்பேர் பண்ணுகிற ஒரு சின்ன அறை. உள்ளே இருபத்தைந்து இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா எந்த ஃபொன்ட்டில அடிக்கிறாங்க?"

எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. அப்பா அடிப்பது பாமினியில். இன்று எல்லா மெஷினிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய வைக்கும் யூனிகோட் முறை பரவுவதற்கு முந்தைய முறை அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருப்பார்கள். அந்த ஃபொன்ட் மெஷினில் இல்லை என்றால், பத்து வருஷத்துக் கடிதமும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். ஃபைலைக் காப்பாற்றிவிட்டு ஃபொன்ட்டை விட்டுவிட்டால் அப்பா பயந்தே போயிருப்பார். அந்தத் தம்பி விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் உள்ள ஒரு பென் டிரைவில் மெஷினை எழுப்பி, அப்பாவின் ஃபோல்டர்களையும், கூடவே விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரையும் முழுதாக வெளி டிஸ்க்குக்கு எடுத்தார். எடுத்ததில் நாலைந்தைத் தன் லேப்டாப்பில் திறந்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார்.

பெட்டியைத் திறந்ததும் உள்ளே பார்த்தேன். ஃபேனில் ஈரத்தோடு ஒட்டிய தூசி, கம்பளி மாதிரி. ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை ஓடு. ராம் கட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பொன்னிறமாக இருக்க வேண்டிய பல்வரிசை மங்கிப் போயிருந்தது. மேசை லாச்சியில் இருந்து பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிரப்பரை எடுத்து, ஒரே திசையில், மெதுவாகத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புத் துகள் உதிர்ந்து பளபளப்பு வந்தது. நம் பக்கத்து ஈரக் காற்றுக்கு இது வருஷத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை என்றார். மதர்போர்டில் இருந்த வட்ட பட்டரியையும் மாற்றினார். சிஆர் 2032, மூன்று வோல்ட். அது செத்ததால்தான் திகதி ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போயிருக்கிறது. திகதி தவறினால் பாதுகாப்பான இணையத்தளங்களும் திறக்காது.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். அந்தக் காலத்துக் கம்பனி மெஷின்களில் டிஸ்க்கின் ஒரு பகுதியை ஒதுக்கி, தொழிற்சாலையில் இருந்த நிலையின் பிரதி ஒன்றை வைத்திருப்பார்கள். ரெகவரி பகுதி என்பார்கள். எச்பி என்றால் போட்டவுடன் எஃப் 11 ஐத் தட்ட வேண்டும். ஏசரில் ஆல்ட்டும் எஃப் 10 உம். ஏசுஸில் எஃப் 9. தோஷிபாவில் பூச்சியத்தை அழுத்திப் பிடித்தபடி போட வேண்டும். டெல் விண்டோஸ் 7 மெஷின்களில் எஃப் 8 போய், கம்ப்யூட்டரைப் பழுது பார் என்பதற்குள் நுழைய வேண்டும். லெனோவோ லேப்டாப் பலவற்றில் இதற்கென்றே ஒரு குட்டிப் பொத்தான் உண்டு. ஆனால் கடைக்காரர்கள் போர்மட் பண்ணும்போது, இடம் வீணாகிறதென்று இந்தப் பகுதியையும் சேர்த்து அழித்துவிடுவது உண்டு. எங்கள் மெஷினில் எஃப் 11 ஐத் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தம்பி டிஸ்க்கின் படத்தைத் திறந்தார். முதலில் 100 எம்பி துண்டு ஒன்று. நடுவில் பெரிய பகுதி. கடைசியில், பெயர்கூட மாறாமல், 12 ஜிபியில் ரெகவரி. "இருக்கு அக்கா" என்றார். பழைய கடைக்காரர் அதை அழிக்கவில்லை, போகிற வழியைத்தான் மாற்றிவிட்டிருக்கிறார். மெஷின் எந்தப் பகுதியில் இருந்து எழ வேண்டும் என்று டிஸ்க்கில் ஒரு குறி இருக்கும். அந்தக் குறியை ரெகவரி பகுதிக்கு மாற்றிவிட்டுத் திரும்பப் போட்டார். பதினைந்து வருஷத்துக்கு முன் கொழும்புக் கடையில் பார்த்த அதே நீலத் திரை எழும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

உடனே தொடங்கவில்லை. டிஸ்க்கின் உடல்நிலையை முதலில் பரிசோதித்தார். பழுதான இடம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, மழைக்குக் கரண்ட் போய் வந்துகொண்டிருந்ததால் மெஷினை யூபிஎஸ்ஸில் போட்டார். பாதியில் கரண்ட் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலைதான். பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினோம். ஒன்றரை மணி நேரம் பிரதி இறங்கியது. அப்புறம் தானாகவே நாலைந்து தடவை அணைந்து எழும்பியது. அந்த நேரம் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, எனக்கும் ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுத்தார்.

எழும்பியதும் சாவி கேட்கவே இல்லை. கம்பனி போட்ட விண்டோஸ் 7, மதர்போர்டின் பயோஸில், அதாவது மெஷினை முதலில் எழுப்பும் நிரலில், இருக்கும் அடையாளத்தைப் பார்த்துத் தன்னைத்தானே அசல் என்று ஏற்றுக்கொள்ளும், இணையம்கூடத் தேவையில்லை. மதர்போர்டை வேறு வகைக்கு மாற்றியிருந்தால் இந்த வசதி போயிருக்கும்.

தொழிற்சாலை நிலை என்றால் 2010 நிலைதான், அதையும் சொல்ல வேண்டும். 2011 பெப்ரவரியில் வந்த சர்வீஸ் பேக் 1 என்கிற பெரிய அப்டேட் தொகுப்பு அதில் இல்லை. உள்ளே இருக்கிற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 இல் இன்றைய தளங்கள் பல திறக்கவே திறக்காது. அந்த மெஷினிலேயே போய் டவுன்லோட் பண்ணலாம் என்று நினைத்தால் முட்டி நிற்பீர்கள். தம்பி சர்வீஸ் பேக்கையும் விண்டோஸ் 7 இல் ஓடும் பிரவுசரான ஃபயர்ஃபொக்ஸ் 115 இஎஸ்ஆரையும் பென் டிரைவில் தயாராக வைத்திருந்தார். குரோம் 109 க்கு மேல் விண்டோஸ் 7 இல் போகாது. கம்பனி இலவசமாகச் சேர்த்துவிட்ட தவணை முடிந்த அன்டிவைரஸ், விளையாட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பாமினியை ஏற்றி, அப்பாவின் ஃபோல்டர்களை அதே இடத்தில் அதே பெயரில் வைத்தார். இந்த மெஷினில் வங்கிக் கணக்கு, பாஸ்வேர்ட் எதுவும் வேண்டாம், பொதுவாக நெட் கேபிளே கழற்றி இருக்கட்டும், கடிதம் அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டார். நானும் அதையேதான் சொல்வேன். இந்த வகை மெஷினை இணையத்துக்கு விடுவது சரியில்லை.

இன்னொன்றும் செய்தோம். டிஸ்க் ஒருநாள் சாகும். அப்போது ரெகவரி பகுதியும் கூடவே போகும். எச்பி ஒரே ஒரு தடவைதான் ரெகவரி டிவிடி எழுத விடும், நாங்கள் இதுவரை எழுதவே இல்லை. வெற்று டிவிடி இப்போது லேசில் கிடைப்பதில்லை. ஹட்டனில் ஒரு புத்தகக் கடையில் பழைய ஸ்டொக்கில் நாலு கிடைத்தது. மூன்றில் முடிந்தது. அப்பா ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் கையெழுத்தில் எழுதி பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறார்.

பட்டரியும் சேர்த்து அவர் கேட்டது மூவாயிரத்து ஐந்நூறு. இரண்டு நாள் வேலைக்கு அது குறைவு. கூடக் கொடுத்தேன், வாங்க மறுத்தார். வற்புறுத்தி வைத்துவிட்டு வந்தேன். ஊருக்குப் போகிறவர்கள் யாராவது இப்படி ஒரு வேலை கொடுப்பதென்றால் டவுனில் பெரிய போர்டைப் பார்த்துப் போகாதீர்கள். முதலில் உங்கள் ஃபைல்களைப் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். ரெகவரி பகுதியைத் தொட வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள், முடிந்தால் துண்டில் எழுதி பெட்டியின் மேல் ஒட்டியும் விடுங்கள்.

நான் திரும்புவதற்கு முதல் நாள் மாலை. மழை விட்டிருந்தது. கீழ் லயத்தில் இருந்து ஓர் அம்மா, பொலித்தீன் பையில் கடதாசிகளைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அடையாள அட்டையில் பெயர் ஒற்று விட்டு விழுந்திருக்கிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழைய ஃபோல்டரைத் திறந்தார். போன வருஷம் அதே தோட்டத்தில் வேறொருவருக்கு அடித்த கடிதம், பாமினியில், ஓர் எழுத்தும் சிதையாமல் வந்தது. பெயரையும் திகதியையும் மாற்றினார். பிரிண்டர் கரகரவென்று இழுத்தது. சூட்டோடு வந்த தாளை அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கி, மழையில் நனையாத மாதிரி திரும்பப் பைக்குள் வைத்துச் சுற்றினார்.