நிறப் பார்வை ஆய்வு: வெப்கமராவா, திரைக் கருவியா, அணியும் கண்ணாடியா?

ஒரே பொருளின் எந்தப் பகுதியில் கண் நிலைக்கிறதோ அதற்கேற்ப அதன் வெளிர்வு மாறித் தெரியும் என்று ஜேர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். ஆகவே பார்வைப் புள்ளி பிசகினால் நிற முடிவும் பிசகும். கண் எங்கே பார்க்கிறது என்று பதியும் கருவியை விலை பார்த்துத் தெரிவுசெய்யாமல், காட்டப்போகும் நிறத்துண்டின் அளவைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். 57 செ.மீ. தூரத்தில் திரையின் 1 செ.மீ. கண்ணில் ஏறத்தாழ 1 பாகைக் கோணம்.

வெப்கமராவைக்கொண்டு பார்வையைக் கணிக்கும் இலவச வெப்கேசர் மென்பொருளின் பிழை 4 பாகை அளவுக்குப் போகும். 2 செ.மீ. கட்டங்களை அருகருகே வைத்தால் எதைப் பார்த்தார் என்றே தெரியாது. மடிகணினித் திரையில் மூலைக்கொன்று வைத்தால் ஒருவாறு தேறும். சாதாரண கமராவில் நம்மவரின் கடும் பழுப்புக் கதிராளியும் (கண்மணியைச் சுற்றிய நிற வளையம்) கண்மணியும் ஒரே கறுப்பு. கண்மணி விரிவதை அளக்கும் எண்ணம் இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

திரைக்குக் கீழே வைக்கும், கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரைப் பயன்படுத்தும் கருவியில் அதே கதிராளி சாம்பலாகி, கண்மணி தனியே பிரிந்து தெரியும். தலை அசையாமல் நாடியைத் தாங்கும் தாங்கியோடு பிழை அரைப் பாகைக்கு இறங்கும். கண்மை இட்டவர்களின் இமையோரத்தைக் கருவி கண்மணியென்று பிடித்துக்கொள்ளும். துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஐலிங்க் 1000 பிளஸ் போன்ற 1000 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 1000 முறை பதியும்) கருவி இதற்கு வீண்செலவு. கண் ஓரிடத்தில் தங்கும் ஒரு நிலைப்பு 200–300 மில்லிசெக்கன் நீளும். 60 ஹேர்ட்ஸ் போதும்.

இங்கே பலரும் வழுக்குவது வேறிடத்தில். வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும். சுருங்கும்போது அதன் மையம் சற்று விலகும். கண் அசையாமலே பார்வைப் புள்ளி நகர்ந்ததாகப் பதிவாகும். எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிறத் தரத்தில் இயங்கும் சாதாரண திரையில் முழு மஞ்சளின் ஒளிர்வு வெள்ளையின் 93 வீதம், முழு நீலத்தினது 7 வீதம். இரண்டையும் அப்படியே காட்டினால் நீங்கள் அளப்பது நிறத்தையல்ல, வெளிச்சத்தை. திரையை அரை மணி நேரம் சூடாகவிட்டு, நிறமானியால் அளந்து ஒளிர்வைச் சமப்படுத்துங்கள். தெரிந்த புள்ளிகளைப் பார்க்கவைத்துக் கருவியைச் சரிசெய்யும் அளவுதிருத்தத்தையும் பரிசோதனையில் வரும் அதே சாம்பல் பின்னணியிலேயே செய்யுங்கள். திரையை மஞ்சளாக்கும் இரவு ஒளி அமைப்பு அணைந்திருக்கட்டும்.

பியூப்பில் கோர், டோபி புரோ கிளாசஸ் 3 போன்ற அணியும் கண்ணாடிகளுக்கு என்று ஒரு வேலை உண்டு. சேலைக் கடையில் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பதை வேறெந்தக் கருவியும் பிடிக்காது. திருகோணமலையின் கோணேசர் மலையிலோ நிலாவெளிக் கரையிலோ நடுப்பகலில் எடுத்தால் வெயிலின் செந்நிறக்கீழ்க் கதிரே கருவி கண்ணில் பாய்ச்சும் அதே கதிரை விழுங்கிவிடும், கண்ணும் இடுங்கிவிடும். நிழலில், இல்லையேல் மாலை ஐந்துக்குப் பிறகு எடுங்கள். வெயிலுக்கென்று கறுப்பு வில்லை பொருத்தினால் பதிவு சீராகலாம், ஆனால் பங்குபற்றுபவர் அந்த வில்லையூடாகத்தான் நிறத்தைப் பார்க்கிறார். கண்ணாடியில் எதிரே உள்ளதைப் படமெடுக்கும் முன்கமரா, வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண்சமநிலையைத் தானாக மாற்றிக்கொள்ளும் என்பதால் வீடியோவில் தெரியும் நிறத்தைத் தரவாக எடுக்கக் கூடாது. துணியின் நிறத்தை அந்த இடத்திலேயே நிறமாலைமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.