ஹீட்டர் கோர் மாற்றினோம் என்று 14,500 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள், பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனம்

நேற்று ராத்திரி தொப்பூர் கணவாயில் அம்மாவோடு ஒரு மணி நேரம் ஓரமாக நின்றேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 2006 மாடல் டீசல் கார். நாலு மாதமாக முன்சீட்டில் இடதுபக்கம் கால் வைக்கும் இடம் ஈரமாகவே இருந்தது. ஏசி தண்ணீர் என்று நினைத்து, பழைய துணியை விரித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏசி தண்ணீருக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. இது பச்சையாக, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. கதவைத் திறந்தால் வெல்லம் காய்ச்சுகிற இடத்தைத் தாண்டிப் போகிற மாதிரி இனிப்பு வாடை. கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம். ரேடியேட்டரில் கூலண்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம், வாரம் அரை லிட்டர் குறைந்தது. சூடான கூலண்ட் ஓடி வண்டிக்குள் வெப்பக் காற்று தருகிற குட்டி ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். டேஷ்போர்டுக்குள் இருக்கும் அது ஓட்டையானால் இதெல்லாம் வரும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

தருமபுரியில் எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். ஓனர் தானே குனிந்து மேட்டைத் தூக்கி, விரலில் தொட்டு முகர்ந்து பார்த்து, "அண்ணா, ஹீட்டர் கோர் போச்சு. டேஷ்போர்டு முழுசா கழட்டணும், மூணு நாள் ஆகும். பார்ட் 5,500, கூலி 9,000. முன்பணம் வேண்டாம், வேலை முடிஞ்சதும் கொடுங்க" என்றார். முன்பணம் வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். காசைக் கேட்காதவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். மூன்றாம் நாள் புது பார்ட் வந்த காலிப் பெட்டியைக் காட்டினார். கழற்றிய பழசு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. 14,500 ரூபாயை ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பத்தே நாளில் மேட் மறுபடி நனைந்தது. போன் செய்தால், "ஏசி தண்ணியா இருக்கும்ணா." நேரில் போனால், "பசங்க லீவு, திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால் ஓனர் ஓசூர் போயிருக்கிறார். நாலாவது தடவை, "பார்ட்டுக்குத்தான் வாரண்டி, கூலிக்கு இல்ல. பழைய வண்டி, எங்க வேணா ஒழுகும்." அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. அண்ணா அண்ணா என்று கூப்பிட்ட வாய்தான் இது.

நேற்று அம்மாவைச் சேலத்தில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, தொப்பூர் ஏற்றத்தில் ஏசி வழியாகப் புகை மாதிரி ஆவி வந்து, முன்கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. ஹீட் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. எப்படி ஓரம் கட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ரோட்டில் நடக்கிற விபத்துகள் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

இன்று காலை காரிமங்கலம் பக்கம் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கையுறைப் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்தார். "தம்பி, இது பழைய கோர்தான். எம்சீல் அப்பி வெச்சிருக்கான்" என்றார். ரேடியேட்டர் தண்ணீரில் ஓட்டை அடைக்கிற பொடியும் போட்டிருக்கிறார்கள். அது ரேடியேட்டரின் சன்னக் குழாயையும் அடைத்துவிடுமாம். இன்ஜின் பக்கத்திலிருந்து ஹீட்டர் கோருக்குள் போகிற ஹோஸ், வெளியே வருகிற ஹோஸ் இரண்டையும் பிடுங்கி, ஒன்றோடொன்று சேர்த்து கிளிப் போட்டு, கூலண்ட்டை மாற்றிக் கொடுத்தார். ஹீட்டர் இனி வேலை செய்யாது, ஒழுகவும் ஒழுகாது. ஓசூர்ப் பக்கம் பனியில் கண்ணாடி மூடினால் ஏசியைப் போட்டாலே தெளியும். அரை மணி நேரம், கூலண்ட்டோடு 900 ரூபாய். இதை அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு 14,500 ரூபாய் மிச்சம்.

ஜிபே ரசீதும் எம்சீல் போட்டோவும் இருக்கிறது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது.

விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன், இப்போது முடியவில்லை. பழைய பார்ட்டைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். டேஷ்போர்டு கழற்றும்போது போட்டோ கேளுங்கள். பார்ட், கூலி தனித்தனியாகப் போட்ட பில் வேண்டும். ஹீட் ஏறினால் ஏசியை அணைத்து உடனே நிறுத்துங்கள், சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். நனைந்த மேட்டை வாசலில் போடாதீர்கள், கூலண்ட் விஷம். தெரு நாய்கள் இனிப்பு என்று நக்கிவிடும்.