மாகாண ரக்பியா, சூப்பர் ரக்பியா: நியூசிலாந்தில் எதைப் பின்தொடரலாம்?

நேரமும் காசும் ஒன்றுக்குத்தான் என்றால் எதைப் பிடிப்பது? 1976-ல் தொடங்கிய தேசிய மாகாண சாம்பியன்ஷிப்பையா, 1996-ல் தொழில்முறையோடு வந்த, பல நாட்டு அணிகள் மோதும் சூப்பர் ரக்பியையா?

அணிகள்: மாகாணப் போட்டியில் 14. சூப்பரில் நியூசிலாந்துக்கு 5 முதன்மை அணிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் சில மாகாணங்கள்.

வீரர்கள்: சூப்பரில் நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் நட்சத்திரங்கள் ஆடுவார்கள். மாகாணப் போட்டி நடக்கும் மாதங்களில் அவர்கள் பெரும்பாலும் தேசிய அணியோடு இருப்பதால், அங்கே கண்ணில் படுவது அடுத்த தலைமுறை. கூட்டம் குறைவதற்கும் இதுவே பெரிய காரணம்.

செலவு: பயணம், ஊதியம் எல்லாம் மாகாணத்துக்கும் உண்டு, ஒளிபரப்புப் பணத்தை ஈர்ப்பதோ சூப்பர். மாகாணத்தின் பலவீனம் இங்கேதான்.

நிலைத்தன்மை: சூப்பரும் பாறையல்ல. தென்னாப்பிரிக்க அணிகள் வெளியேறின. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ரெபெல்ஸ் அணி 2024-உடன் மூடப்பட்டது. 12 அணிகள் 11 ஆயின.

மாகாணத்துக்கு மட்டுமே உள்ள சொத்து ரான்ஃபர்லி கேடயம். வைத்திருக்கும் அணி சொந்த மைதானத்தில் தோற்றால் கைமாறும். டிரா ஆனால் அங்கேயே இருக்கும். வெளியூரில் தோற்றாலும் கவலையில்லை. ஆக, கடைசி நிமிடத்தில் சமநிலையில் நிற்கும்போது புள்ளி எடுத்தே தீர வேண்டியது சவால் விடுபவர்தான். 2009-ல் சவுத்லாண்ட் கேன்டர்பரியை 9-3 என வென்று, 50 ஆண்டுகளுக்குப் பின் கேடயத்தை வாங்கியது. இந்த மாதிரி ஆட்டத்தை சூப்பர் தராது.

வேகமும் உச்ச தரமும் வேண்டுவோருக்கு சூப்பர். ஊர்ப்பாசமும், நாளைய வீரரை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆசையும் உள்ளவர்களுக்கு மாகாணம். இரண்டில் ஒன்றைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், நியூசிலாந்து ரக்பி வாரியம் அணிகளைக் குறைக்கும் முன் ஆட்ட நாட்காட்டியைத் திருத்தட்டும்.