ஆர்ச்சஸ் நீர்வண்ணத் தாள்: பருவங்களை வரைய விரும்புவோருக்கு

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரையின் நிறம் நாழிகைக்கு நாழிகை மாறுவதைக் கண்டு வரைய மனம் எழும் எவருக்கும், பிரான்சில் முழுக்கப் பருத்தி இழையால் தயாராகும் ஆர்ச்சஸ் தாளை, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில், மனமாரப் பரிந்துரைக்கிறேன். உட்புறம் வரை ஜெலட்டின் பசை ஏற்றப்பட்டிருப்பதால் நீர் உடனே உறிஞ்சப்படாமல் மேற்பரப்பில் தங்கி நிற்க, ஈரத்தின் மேல் இட்ட நீலமும் சாம்பலும் ஒன்றில் ஒன்று கரைந்து மேகம் திரளும் விதத்தைத் தாமாகவே காட்டிவிடுகின்றன. ஈரப்பதம் மிகுந்த அந்நாட்களில் தாள் மெதுவாக உலர்வதும் இதற்குப் பெருந்துணை. சித்திரை வெயிலிலோ வண்ணம் விரைந்து காய்ந்து ஓரங்கள் கூர்மையாகும். பனை நிழலுக்கு அதுவே பொருத்தம். விலை அதிகம்தான், பெரிய தாளாக வாங்கி நான்காகக் கிழித்துக்கொள்வது நல்லது.