ரேடியேற்றர் பிரஷர் டெஸ்டர் பெட்டி: திருகோணமலையில் வாங்கி வைக்கலாமா?

கார் சூடாகிறது என்று கராஜுக்குக் கொண்டுபோனால் முதலில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேற்றருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றி வீசுவார்கள், அடுத்து கசிவை அடைக்கும் தூளை ஊற்றுவார்கள். இரண்டும் தேவைப்படாத வேலை என்பதைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காட்டிவிடும் ஒரு கருவி ஸ்பெயர் பார்ட்ஸ் கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. ரேடியேற்றருக்குள் அழுத்தம் ஏற்றிக் கசிவைக் காட்டும் பிரஷர் டெஸ்டர்தான் அது. ஒரு கைப்பம்பு, அழுத்தத்தை முள்ளால் காட்டும் ஒரு கேஜ், ஏழெட்டிலிருந்து இருபத்தெட்டு வரை அடாப்டர்கள், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். பல பெயர்களில் வந்தாலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே சாமான்தான். ஆகவே இந்த மதிப்பீடு எந்த ஒரு பெயரையும் பற்றியது அல்ல, அந்த வகைப் பெட்டியைப் பற்றியது.

திருகோணமலைக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்தும் என்றால், 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. வீதியில் ஓடும் விட்ஸ், அக்சியோ, அக்வா, வெசல், வேகன் ஆர் கார்களில் பெரும்பாலானவற்றின் ரேடியேற்றருக்கு வயதாகிவிட்டது. அலுமினிய நடுப்பகுதியின் மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டியை ரப்பர் வாரை வைத்து மடித்து இறுக்கியிருப்பார்கள். பத்து வருடச் சூட்டில் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும், வார் காய்ந்துபோகும். இதற்கு மேல் உப்புக் காற்று. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரையோரம் நிற்கும் வாகனங்களில் அலுமினியத் தகடுகள் விரலால் தட்டினாலே மாவாக உதிர்வதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ரேடியேற்றர் ஒரே நாளில் வெடிப்பதில்லை, வாரத்துக்கு அரைக் கிளாஸ் என்று கசிந்துகொண்டே இருக்கும். எஞ்சின் சூட்டில் அது உடனே ஆவியாவதால் நிலத்தில் ஒரு சொட்டும் விழாது. குளிர்ந்த எஞ்சினில் அழுத்தம் கொடுத்துப் பார்த்தால்தான் அது கண்ணில் படும்.

செய்முறை எளிது. எஞ்சின் கையால் தொடக்கூடிய அளவுக்கு முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் முகமும் கையும் வெந்துபோகும், இதில் அவசரமே கூடாது. மூடியைக் கழற்றி, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, பொருத்தமான அடாப்டரைப் பூட்டி, பம்பை அடிக்க வேண்டும். எவ்வளவு? மூடியிலேயே எழுதியிருக்கிறது. 1.1 என்று பொறித்திருந்தால் 1.1 பார், அதாவது ஏறக்குறைய 16 பி.எஸ்.ஐ. (இரண்டும் அழுத்தத்தின் அலகுகள்). 0.9 என்றால் 13 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் அடித்து "பலம் பார்க்க" வேண்டாம், பழைய பிளாஸ்டிக் தொட்டி அந்தச் சோதனையிலேயே பிளந்துவிடும். பதினைந்து நிமிடம் விடுங்கள். முள் அசையாவிட்டால் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தேட வேண்டியதுதான்.

பிளாஸ்டிக் தொட்டி மடிப்பின் இரு ஓரங்களிலும் முதலில் பாருங்கள், அதிகம் கசிவது அங்கேதான். அடுத்து ஹோஸ் கிளிப்புகள், ரேடியேற்றர் அடியில் உள்ள வடிகுழாய்த் திருகின் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். வோட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ காய்ந்த கறை இருந்தால் பம்பின் உள்சீல் போய்விட்டது. கறை காய்ந்திருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. கடைசியாக, பலரும் மறக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் ஹீட்டர். நம் ஊரில் காருக்குள் ஹீட்டர் போடுபவர் யார்? ஆனால் ஜப்பானிலிருந்து வந்த காரில் டாஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேற்றர் இருக்கிறது, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அதனூடாகவும் ஓடுகிறது. முன் இருக்கைக் கால்மிதியின் கீழ் கம்பளம் பிசுபிசுப்பாக ஈரமாக இருந்து, இனிப்பான வாசமும் வந்து, கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்கினால் சந்தேகம் அங்கே போக வேண்டும்.

இனி பெட்டியின் தரம். மலிவான பெட்டிகளின் பெரிய குறை, கருவியே கசிவது. பம்பையும் அடாப்டரையும் இணைக்கும் விரைவு இணைப்புக்குள் இருக்கும் ஓ-ரிங் மெல்லியது. வாங்கிய அன்றே சில பெட்டிகளில் அது கிழிந்திருக்கும். கருவி கசிந்தால் முள் இறங்கும், காரில் கசிவு என்று எண்ணி நல்ல ரேடியேற்றரைக் கழற்றிவிடுவோம். ஆகவே கடையிலேயே பாருங்கள். மூடியைச் சோதிக்கும் அடாப்டரில் ஒரு புதிய 1.1 மூடியைப் பூட்டி 0.7 பார் வரை அடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். அந்த அழுத்தத்தில் மூடி திறக்கக் கூடாது, முள்ளும் இறங்கக் கூடாது. இறங்கினால் அடுத்த பெட்டியை எடுங்கள். உலோக உடல் உள்ள பம்பு, 35 பி.எஸ்.ஐ. அளவுக்குள் முடியும் கேஜ், இவை போதும். 60 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜில் 16ஐயும் 15ஐயும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

அடாப்டர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். இருபத்தெட்டுத் துண்டில் பாதிக்கு மேல் ஐரோப்பியக் கார்களின் திருகு மூடிக்கானவை. ஜப்பானிய, இந்திய வாகனங்களுக்குச் சிறுவாய், பெருவாய் என இரண்டு மூன்று அடாப்டர்களே உழைக்கும். அவை உறுதியாகப் பொருந்துகின்றனவா என்று உங்கள் வாகனத்தின் பழைய மூடியைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். (ஓட்டோக்காரர்களும் விசாரிப்பதுண்டு. வழமையான ஓட்டோவின் எஞ்சின் காற்றால் குளிர்வது, அதற்கு ரேடியேற்றரே இல்லை.)

இந்தப் பெட்டிக்குப் பணம் கொடுக்க ஒரே காரணம் கேட்டால், மூடியைச் சோதிக்கும் அந்தத் துண்டைத்தான் சொல்வோம். 1.1 மூடி ஏறத்தாழ 0.95க்கும் 1.25க்கும் இடையில் திறக்க வேண்டும். 0.8ஐயும் தாங்காமல் திறந்தால் மூடி குப்பைக்கு. ஏன் இது பெரிய விஷயம்? கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 1.1 பார் அழுத்தத்தில் 120ஐத் தாண்டித்தான் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் இந்த இருபது பாகைப் பாதுகாப்பும் போய்விடும். ஆனி, ஆடி மாதத்துக் கச்சான் காற்றில், ஏசி போட்டுக்கொண்டு, கந்தளாய் தாண்டி ஹபரணை வரை போகும் காருக்கு அந்த இருபது பாகைதான் உயிர். யானை நடமாடும் அந்த வீதியில் இருட்டிய பிறகு பொனட்டைத் திறந்துகொண்டு நிற்க யாருக்கு விருப்பம்?

மூடிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எஞ்சின் ஆறும்போது உள்ளே உறிஞ்சல் உண்டாகும், மூடியின் நடுவில் உள்ள சிறிய வால்வு திறந்து ரிசர்வ் தொட்டியிலிருந்து கூலன்டை இழுக்கும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டால் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும், ரிசர்வ் தொட்டி நிறைந்தே இருக்கும், ரேடியேற்றரில் மட்டும் தண்ணீர் குறையும். தொட்டி நிறைந்திருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஹெட் கஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் இடையிலான அடைப்புத் தகடு) போய்விட்டதோ என்ற சந்தேகத்துக்கும் கருவி உதவும். ஆறிய எஞ்சினில் டெஸ்டரைப் பூட்டி, பம்பு அடிக்காமலே ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் சூடாகி விரியும்போது முள் மெல்ல ஏறுவது இயல்பு. முதல் ஒரு நிமிடத்துக்குள் விறுவிறுவென ஏறினாலோ, எஞ்சின் துடிப்போடு முள்ளும் துடித்தாலோ சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. முள் மூடியின் அளவை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும். இதை உறுதிசெய்ய நீலத் திரவச் சோதனை என்று தனியாக ஒன்று கிடைக்கிறது. ரேடியேற்றர் வாயிலிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தினூடாக உறிஞ்சினால், சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். பிரஷர் டெஸ்டர் மட்டும் வைத்துக்கொண்டு ஹெட்டைக் கழற்றச் சொல்வது அவசரம்.

இனி இந்தக் கருவியால் முடியாதவை, கராஜில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். கசிவே இல்லாமல் சூடாகும் கார்கள் நிறைய. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எப்போது சூடாகிறது? கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் திருவிழா நாளில் ஊர்ந்து போகும்போது ஏறி, பிறகு வேகமாக ஓடினால் இறங்குகிறதா? மின்விசிறியைப் பாருங்கள். ஏசி போட்டதும் விசிறி ஓட வேண்டும். ஓடாவிட்டால் பியூஸ், ரிலே, கடைசியாக மோட்டார். மோட்டாரின் சொருகியைக் கழற்றிப் பற்றரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். மெதுவாகச் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்து கிண்ணியாப் பக்கம் நீண்ட ஓட்டத்தில் வேகம் 80ஐத் தாண்டியதும் சூடு ஏறுகிறதா? அப்போது விசிறியில் குறை இல்லை. அடைத்த ரேடியேற்றர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், இலை தேய்ந்த வோட்டர் பம்ப் ஆகிய மூன்றில் ஒன்று.

அடைப்பு இரண்டு வகை. வெளியடைப்பு ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையிலான இடுக்கில் இருக்கும். புழுதி, பூச்சி, உப்பு சேர்ந்து பாய் மாதிரிப் படிந்திருக்கும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய தண்ணீரால் கழுவ வேண்டும். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் வோஷரைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் படுத்துவிடும், பிறகு காற்றே போகாது. உள்ளடைப்பைக் கண்டுபிடிக்க ஒரு அகச்சிவப்பு வெப்பமானி போதும். எஞ்சின் சூடாகி விசிறி ஒருமுறை ஓடி நின்றதும் ரேடியேற்றரின் முகத்தில் வரிசையாகக் காட்டுங்கள். நடுவில் திடீரென்று குளிர்ந்த பட்டைகள் இருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை.

அந்த அடைப்பின் பிறப்பிடம் கிணறு. இங்கே பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது, கடலோரத்தில் உவரும் சேரும். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்புதான் ரேடியேற்றர் குழாயிலும் படியும். உவரில் உள்ள குளோரைட் அலுமினியத்தை அரிக்கும். கூலன்ட் செறிவுக் கரைசலைக் கலப்பதானால் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் சரிபாதியாகக் கலக்க வேண்டும். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நிறத்தது ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்தே வருவதால் அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஹொண்டாவும் சுசுகியும் தருவது நீலம். நிறம் ஒன்றாக இருப்பதால் வகை ஒன்றென்று ஆகாது, போத்தலின் பின்புறத்தைப் படியுங்கள். 1500 சிசி சிறிய காருக்கு ஏறத்தாழ 5 லீற்றர் பிடிக்கும். 3 லீற்றர்தான் உள்ளே போனதென்றால் மீதி இடத்தில் காற்று நிற்கிறது.

காற்றை வெளியேற்றுவதில் அக்வா தனிச் சாதி, அது பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட். அதன் எஞ்சினில் பெல்ட்டால் ஓடும் வோட்டர் பம்ப் கிடையாது, மின்சாரப் பம்பு. காரின் கணினியிலிருந்து பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி261பி என்று வந்தால் அந்தப் பம்பைத்தான் கவனிக்க வேண்டும். பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் தொட்டி, தனிச் சுற்று. ஒன்றை நிரப்பிவிட்டு மற்றதை மறப்பவர்கள் உண்டு. வெற்றிட முறையில் நிரப்பும் துண்டும் சேர்ந்து வரும் பெட்டி இங்கே பயன்படும். கொம்பிரசர் காற்றால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு வால்வைத் திறந்தால் கூலன்ட் தானாக உள்ளே ஏறும். கொம்பிரசர் இல்லாத வீட்டுக்கு அது வீண் செலவு.

அடைப்புத் தூளையும், அதன் ஊர்ப் பிரதிகளான மஞ்சள் தூளையும் முட்டை வெள்ளையையும் பற்றி ஒரு சொல். வீட்டுக்குப் போய்ச் சேர அவை உதவலாம். ஆனால் கசிவை அடைக்கும் அதே துகள் ஹீட்டரின் நுண்குழாயையும் மின்பம்பையும் அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவதும் அப்படியே. பல ஜப்பானிய எஞ்சின்களில் அதன் பின்வட்டு, சூடான பிறகு குறுக்குவழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். சந்தேகம் என்றால் சட்டியில் தண்ணீர் சுடவைத்து, வெப்பமானியோடு தொங்கவிட்டுப் பாருங்கள். 82 என்று பொறித்தது 80க்கும் 84க்கும் இடையில் திறக்கத் தொடங்கி, 95இல் 8 மில்லிமீற்றருக்கு மேல் திறந்திருக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது காற்று வெளியேறும் சிறு ஊசி மேல்பக்கமாக வரட்டும்.

வாங்கலாமா? கராஜ் வைத்திருப்பவருக்கும், இரண்டு மூன்று வான் ஓடவிடுபவருக்கும் கட்டாயம் வாங்கலாம், ஒரு ஹெட் கஸ்கட் வேலையைத் தவிர்த்தாலே பெட்டியின் விலை கிடைத்துவிடும். ஒரே கார் வைத்திருப்பவர் அந்தப் பணத்தில் ஒரு அசல் மூடியும், கைப்பேசியோடு இணையும் ஸ்கேனரும் வாங்கட்டும். டாஷ்போர்டில் நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் உள்ள கார்களில் 90 பாகைக்கும் 110 பாகைக்கும் வித்தியாசமே தெரியாது. ஸ்கேனரில் தெரியும். சோதனைக்கு மட்டும், பெட்டி வைத்திருக்கும் கராஜைத் தேடிப் போனால் போதும்.

சோதனையின்போது வடிக்கும் பழைய கூலன்டை ஒரு கலனில் பிடியுங்கள். எதிலீன் கிளைக்கோல் இனிக்கும், நஞ்சும்கூட. பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து நகரத் தெருக்களுக்குள் வந்து மேயும் புள்ளிமான்கள் வடிகான் ஓரத்தில் தேங்கியதை நக்கிவிடும்.